மலையின் முதுகு

சக்கரபாணியை ஓர் இடத்தில் உட்கார வைக்க அவன் கல்யாணத்தில் மந்திரம் சொன்ன ஐயராலேயே முடியவில்லை. மணவறையில் பெண்ணைப் பக்கத்தில் விட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாக எழுந்துபோய், மைக் செட்காரனின் ஒயரைத் திருகிக்கொண்டிருந்தான். "கொர்ருன்னு சத்தம் வருது, அதான்" என்று அவன் சொன்ன காரணத்தை அருணாதேவி இன்றைக்கும் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிக் காட்டுவாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தும் விடுவாள்.

அவனுக்கு வாய்த்த வேலையும் அப்படித்தான். ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளுக்கும் காபிக் கடைகளுக்கும் இன்டர்நெட் கேபிள் இழுத்துக் கொடுக்கிற வேலை. குரங்கு ஒரு பக்கம் ஒயரைக் கடித்துப் போடும், லாரிக்காரன் ஒரு பக்கம் அறுத்துக்கொண்டு போவான். "நெட் வரலைங்க" என்று போன் வந்தால் போதும், தட்டில் சோறு பாதி இருக்கும், ஆள் கம்பத்தின் மேலே இருப்பான். யாராவது உட்காரச் சொன்னால் அது தன்னைத் திட்டுகிற மாதிரி அவனுக்குப் படும்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆசைப்பட்டு வாங்கிய பெரிய டூரிங் பைக் ஒன்று வைத்திருந்தான். உயரமான டேங்க், இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, பெட்டி முழுக்க ஊர் ஊராக ஒட்டிய ஸ்டிக்கர். லடாக் வரைக்கும் போய்வந்தவன். கட்ச் போனான், ஒரு மழைக்காலத்தில் சிரபுஞ்சி போய் ஜலதோஷத்தோடு திரும்பினான். கவியா பிறந்த பிறகு அந்த வண்டி செங்கம் ரோட்டிலிருந்து அவன் வீட்டுச் சந்து வரைக்கும்தான் ஓடியது. மற்ற நேரமெல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அவன் அதைச் சுற்றிச்சுற்றி வந்து, துடைத்து, முறுக்கி, மறுபடி போர்த்துவான்.

கவியாவுக்கு இப்போது பத்து வயது. பிறக்கும்போது மூச்சு அடங்கிப்போய், அழவில்லை. உடம்பு அன்றைக்கே ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது. கால் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். முதுகு நிற்காது. கழுத்து இடது பக்கம் மட்டும்தான் திரும்பும், வலது பக்கம் திருப்ப நினைத்தால் உடம்பு முழுக்க விறைத்துவிடும். அதனால் அவளோடு பேசுகிறவர்கள் இடது பக்கம் வருவார்கள். சோறு ஊட்டுவது இடது பக்கத்திலிருந்து. அவள் கட்டிலும் ஜன்னல் இடது பக்கம் வருகிற மாதிரிதான் போட்டிருந்தது. யாராவது தெரியாமல் வலது பக்கம் வந்து நின்றால் அருணாதேவி கவியாவின் நாற்காலியைச் சுற்றித் திருப்பிவிடுவாள்.

பேச்சு கிடையாது. ஆனால் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆமாம் என்றால் கண் மேலே போகும். இல்லை என்றால் இமை இரண்டையும் இறுக மூடிக்கொள்வாள். கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். அப்பனுக்கு மூக்கு நுனியில் இருந்த கோபம் மகளுக்கு உச்சந்தலையில் இருந்தது.

அவளுடைய ஜன்னலில் எந்நேரமும் மலை இருந்தது. மேகம் வந்து மூடினால் முனகுவாள். மேகம் விலகினால் அடங்குவாள். பள்ளிக்கூடம் இல்லாத, விளையாட்டு இல்லாத அந்தப் பிள்ளைக்கு அதுதான் டிவி.

வாரத்தில் இரண்டு நாள் வேங்கிக்காலில் நந்தினியிடம் தெரபி. நந்தினி கறாரான பெண். கவியாவின் கால்களை நீவி, மடக்கி, நீட்டி, நிற்கும் பலகையில் கட்டி நிறுத்துவாள். அங்கே அவளைப் போல நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று கத்திக்கொண்டு கிடக்கும். அந்தக் கூச்சலுக்காகவே கவியா காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

சின்னப் பிள்ளையாக இருந்தவரை அருணாதேவி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிள்ளை வளர்ந்தது. கால் நீண்டது. அருணாதேவிக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது, இனி தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் போனார்கள். வேகத்தடையில் ஆட்டோ ஒரு தூக்குத் தூக்கியதும் கவியா விறைத்தாள், மடியிலிருந்து நழுவினாள், பிடிக்கப் போன அம்மாவும் சேர்ந்து கீழே சரிந்தாள். இருவரும் சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். அதோடு போக்குவரத்து நின்றது.

நின்ற பிறகுதான் தெரிந்தது. கால் பின்னல் இறுகியது. பிள்ளை பாதிச் சாப்பாட்டிலேயே வாயை மூடிக்கொண்டது. நந்தினி போனில் மழுப்பவே இல்லை.

"அக்கா, இப்டியே வீட்டுலயே வெச்சிருந்தீங்கன்னா இடுப்பு மூட்டு நழுவிடும். அப்பறம் உக்காரவே முடியாது அவளால. எப்டியாவது கூட்டினு வாங்க."

எப்படியாவது என்றால் எப்படி? சக்கரபாணி அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். நடந்து நடந்து, தார்ப்பாயின் முன்னால் போய் நின்றான்.

"சைடு கார்" என்றான் அடுப்படியைப் பார்த்து. "வண்டிக்குப் பக்கத்துல ஒரு தொட்டி மாதிரி. தாழ்வா இருக்கும், அவளத் தூக்கவே வேணாம். நாற்காலியிலருந்து அப்டியே நகத்தி உக்கார வெக்கலாம். சஸ்பென்ஷன் சாஃப்ட்டு அருணா, கல்லுல போனாக்கூட தெரியாது."

அருணாதேவி கரண்டியோடு வெளியே வந்தாள். "இது அவளுக்கா, உங்களுக்கா?"

"இன்னா பேச்சு பேசற நீ?"

"கேக்கறேன். பத்து வருசமா அந்த வண்டியப் பாத்து ஏங்கினு இருக்கீங்க. எனக்குத் தெரியாதா? புள்ளையச் சாக்கு வெச்சி ஊர் சுத்தலாம்னு பாக்கறீங்களோன்னுதான் கேக்கறேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கோபம் வந்தது. அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் கோபம் ஜாஸ்தியாகவே வந்தது. தெருமுனை வரைக்கும் போய், அங்கே நின்று, ஆமாம் எனக்கும்தான், இருந்தால் என்ன தப்பு என்று தனக்குத் தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். தள்ளுவண்டியில் கொய்யா விற்றவர் திரும்பிப் பார்த்தார்.

ரியாசுதீன் பாயின் வெல்டிங் பட்டறைக்குப் போனான். கேட்டும் கிரில்லும் செய்கிறவர், கொஞ்ச நாள் பழைய ஜீப்புகளுக்கு பாடி கட்டியவர். சக்கரபாணி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "செய்யலாம், ஆனா நீ இங்க நிக்கக்கூடாது" என்றார். அது நடக்கிற காரியமா? தினமும் கம்பத்திலிருந்து இறங்கியதும் நேராகப் பட்டறைதான். குழாயைத் தட்டிப் பார்ப்பான். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ வைத்துவிடுவான். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு ஓர் இரவு முழுக்கக் கண்ணெரிச்சலோடு கிடந்தான்.

"தம்பி, உன் புள்ள எவ்வளவோ தேவல. அது பேசாது. நீ என் உயிரை வாங்கற" என்றார் பாய்.

அருணாதேவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் பெல்ட் தைக்க அவள் மெஷினைத்தான் எடுத்தாள். நந்தினி ஒரு நாள் பட்டறைக்கே வந்து சொல்லிக்கொடுத்தாள்: முதலில் இடுப்பைக் கட்ட வேண்டும், பிறகு மார்பை, தலையை மட்டும் கட்டவே கூடாது, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துத் தாங்கல் கொடுத்தால் போதும். கால் பின்னாமலிருக்க நடுவில் ஒரு திண்டு. சைடு காரின் பக்கப் பலகையைக் கீழே மடக்கினால் நாற்காலி மட்டத்துக்கு வந்து நின்றது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி மாற்றத்தைப் பதிந்துகொண்டு வருவதற்குள் சக்கரபாணி பாதி ஆளாகிவிட்டான்.

அத்தனை நாளும் அவன் மகளிடம் ஒரே பாட்டைத்தான் பாடினான். "கவிக்குட்டி, நீ ஜன்னல்ல பாக்கறது மலையோட மூஞ்சி. அதுக்கு முதுகு இருக்குது தெரியுமா? இங்கருந்து பாத்தா ஒண்ணு, அந்தாண்ட அடி அண்ணாமலையிலருந்து பாத்தா வேற ஒண்ணு. ஆளே மாறிடும். சுத்தி வந்து காட்டறேன். மலையோட முதுகு."

கவியாவின் கண் மேலே போகும். மறுபடி சொல், மறுபடி சொல் என்று மேலேயே நிற்கும்.

இந்த ஊரில் புது வண்டி எடுத்தால் முதலில் கோபுரத்தடியில் பூஜை, பிறகு மலையைச் சுற்றி ஒரு வலம். பழைய வண்டிக்குப் புதுத் தொட்டி என்றாலும் அதே முறைதான். பௌர்ணமிக் கூட்டமில்லாத ஒரு நாள் காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. கவியா சைடு காரில், அருணாதேவி பின் சீட்டில், சக்கரபாணிக்குக் கால் தரையில் இல்லை.

அக்னி லிங்கம் வரைக்கும் கவியா சிரித்த முகமாக இருந்தாள். செங்கம் ரோட்டில் முனக ஆரம்பித்தாள். கிரிவலப் பாதையில் திரும்பியதும் கத்தத் தொடங்கினாள் பாருங்கள், அப்படி ஒரு கத்தல். பெல்ட்டுக்குள் வில்லாக வளைந்தாள். நடந்துபோனவர்கள் நின்று பார்த்தார்கள். "ஐயோ பாவம், கொழந்தைய ஏன் இப்டி வதைக்கறாங்க" என்று ஓர் அம்மாள் காது கேட்கவே சொன்னாள். அடி அண்ணாமலையில் நிறுத்தினார்கள்.

"பயமா இருக்குதாடா?" இமை இறுக மூடியது. இல்லை.

"எங்கனா வலிக்குதா?" இல்லை.

"தண்ணி வேணுமா? வீட்டுக்குப் போலாமா?" இல்லை, இல்லை. கத்தல் மட்டும் நிற்கவில்லை.

"பயத்துல அவளுக்கே ஒண்ணும் புரியல" என்றாள் அருணாதேவி. மீதித் தூரம் முழுக்க மூன்று பேரும் அழுதார்கள். ஒருத்தி சத்தமாக, ஒருத்தி முந்தானைக்குள், ஒருவன் ஹெல்மெட்டுக்குள்.

வீட்டுக்கு வந்து கவியாவைப் படுக்க வைத்ததும் அருணாதேவி சொன்னாள். "போதும். வித்துடுங்க. இன்னொரு தடவ எம்புள்ளைய அதுல ஏத்த மாட்டேன்."

அவனும் ஆத்திரத்தில் அப்போதே போனை எடுத்தான். செங்கம் ரோட்டில் காபிக் கடை வைத்திருக்கும் பாலாஜிக்கு அந்த வண்டியின் மேல் ரொம்ப நாளாகக் கண். "ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கோ. சைடு கார கழட்டிட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, எழுந்து போய்விட்டான். எங்கே போனான் என்று அவனுக்கே தெரியாது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டி போனால் போகட்டும். பிள்ளை இனி அந்த ஜன்னலோடு சரி, கட்டிலோடு சரி என்று ஆகிவிட்டதைத்தான் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சைடு காரைக் கழற்றப் பட்டறைக்கு வண்டியை எடுத்தபோது அருணாதேவியும் ஏறிக்கொண்டாள். கவியாவுக்குக் காவலாகப் பக்கத்து வீட்டு அக்காவை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"எங்கயோ குத்துது அவளுக்கு. இல்லன்னா அப்டிக் கத்த மாட்டா. போல்ட்டோ கம்பியோ. இந்த பாயி எதையோ வுட்டுருக்காரு" என்றாள், பாயின் முகத்துக்கு நேராக.

"ஏம்மா, கை வெச்சித் தடவிப் பாத்தேன், பூ மாதிரி கீது" என்றார் பாய்.

"கையால பாத்தா? உக்காந்து பாக்கணும். ஏங்க, நீங்க உக்காருங்க."

"நானா? நான் எங்க அதுல புடிப்பேன்?"

"புடிப்பீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தான். முட்டி மோவாயை இடித்தது. அருணாதேவி இடுப்பில் ஒரு பெல்ட், மார்பில் ஒரு பெல்ட் போட்டு இறுக்கினாள். கையைத் தொடைக்குக் கீழே வைக்கச் சொன்னாள். தலையை இடது பக்கம் திருப்பிப் பஞ்சில் அழுத்தினாள். "அவ மாதிரி. இந்தப் பக்கமாத்தான் பாக்கணும். திருப்பினீங்க, அவ்ளோதான்." பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பி, அவனைச் செங்கம் ரோட்டில் மேற்கே ஓட்டிக்கொண்டு போனார். அருணாதேவி பட்டறை வாசலிலேயே நின்றாள்.

கல்யாணத்தில் உட்காராதவன், கம்பத்திலும் உட்காராதவன், கட்டிப் போட்டபடி உட்கார்ந்திருந்தான். மூக்கு அரித்தது. சொறிய முடியவில்லை. எதுவும் குத்தவில்லை, உண்மையாகவே பூ மாதிரிதான் இருந்தது. டீக்கடை போனது. இளநீர்க் குவியல் போனது. மடத்துச் சுவர் போனது, ருத்திராட்சக் கடை போனது, வரிசையாக நின்ற பஸ்களின் சக்கரம் போனது. மறுபடி டீக்கடை, மறுபடி சுவர். திரும்பிப் பார்க்க முடியாத ஆளுக்கு இதே தெருதான் மலையைச் சுற்றி முடிகிறவரை என்று தோன்றியபோது சட்டென்று கத்தினான்.

"பாய்! மலை எங்க?"

"மலை எங்கயா? எங்கயும் போல, இதோ வலது பக்கம் கீது."

"எனக்குத் தெரியலையே பாய்!"

பாய் வண்டியை ஓரம் கட்டினார். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. வலம் வந்தால் மலை வலது கைப் பக்கம்தான். பிறந்ததிலிருந்து சுற்றுகிறவர்கள், கண்ணைக் கட்டிவிட்டாலும் சுற்றி வருவார்கள். நம் ரோட்டில் சைடு கார் இடது பக்கம்தான் மாட்ட முடியும். பிள்ளையின் கழுத்தும் இடது பக்கம்தான் திரும்பும். மூன்றும் ஊருக்கே தெரிந்த சங்கதி. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் வலது பக்கம் அப்பனும் என்ஜினும் இரும்புப் பெட்டியும், அதற்கப்பால் மலை. முதுகைக் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லி ஆசை மூட்டி, கட்டிப்போட்டு, டீக்கடையைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவள் கத்தாமல் என்ன செய்வாள்?

பட்டறைக்குத் திரும்பி பெல்ட்டை அவிழ்த்ததும் வீட்டுக்கு ஓடினான். பின்னாலேயே அருணாதேவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டிலின் இடது பக்கம் போய் மண்டியிட்டான்.

"கவிக்குட்டி. அன்னிக்கு மலை தெரியலன்னுதான் கத்தினியா?"

கண் மேலே போனது. போனது இறங்கவில்லை. அப்படியே மேலேயே நின்றது.

"பயமே இல்லையா?"

இமை இறுக மூடியது, பட்டென்று, எத்தனை தடவைதான் சொல்வது என்பது போல. சக்கரபாணி அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்து அழுதான். "நாங்கதான்டி மடசாம்பிராணிங்க. கோவம்தானா? வெறும் கோவம்தானா?" பத்து வருடமாக அந்தப் பிள்ளை எதற்கு அழுதாலும் வலி என்றோ பயம் என்றோதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஏமாந்துபோனால் கோபம் வரும் என்கிற சாதாரண மரியாதையைக்கூட யாரும் அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை. தன் மகள்தானே, தன் கோபம்தானே என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆனால் வழி என்ன? "அப்பிடியே எதிர்ப்பக்கமா சுத்திட்டா?" என்றான்.

"எதிர் சுத்தா? வெளயாடறீங்களா? யாராவது கேட்டா காறித் துப்புவாங்க" என்று அருணாதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சைடு காரை வலது பக்கம் மாற்றலாமா என்று பாய்க்குப் போன் போட்டான். "எதிர்ல வர லாரிக்குப் படையல் வெக்கறியா?" என்று பாய் வைத்துவிட்டார். சக்கரபாணி மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

அருணாதேவி சோற்றுக் கிண்ணத்தோடு கட்டிலருகே போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். "ஏங்க, வீட்ல இன்னா பண்றோம்? ஆளு அந்தப் பக்கம் வந்தா நாம சேரைத்தான திருப்பறோம்?"

அவன் நடப்பதை நிறுத்தினான்.

"சேரைத் திருப்புங்க. பின்னாடி பாத்து உக்காரட்டும். அப்ப அவளுக்கு எடது பக்கம் மலைதான?"

நந்தினியைக் கேட்டார்கள். பிரேக் பிடித்தால் பெல்ட்டில் தொங்காமல் முதுகு சீட்டில் அமுங்கும், கழுத்துக்கு இதுதான் இன்னும் நல்லது என்றாள். பாய் சீட்டைத் திருப்பிக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார். வண்டியின் இரும்புப் பெட்டிகள் மட்டும் மறைத்தன. லடாக், கட்ச், சிரபுஞ்சி எல்லாம் ஒட்டிய பெட்டிகள். சக்கரபாணி ஸ்பேனரை வாங்கித் தானே கழற்றினான். கழற்றும்போது மனசு கொஞ்சம் சுருக்கென்றது. அதை அவன் மறைக்கவும் இல்லை. "போனா போவுது" என்று பெட்டியின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பட்டறை மூலையில் வைத்தான்.

அருணாதேவி மட்டும் இறங்கி வரவில்லை. "பாலாஜிகிட்ட வேணாம்னு சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம காலையில ஒரு சுத்து. அவ அழுதான்னா, திரும்பி வந்ததும் சாவியைக் குடுத்துடணும். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

"அழலன்னா?"

"அப்ப பாக்கலாம்."

"நீயும் வாயேன். நான் ஓட்டும்போது அவ மூஞ்சியப் பாத்து சொல்றதுக்கு..."

"நான் பின்னாடி உக்காந்தா அவளுக்கு மலை தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை பாலாஜி வாசலில் வந்து காத்திருக்க, அருணாதேவி செங்கம் ரோட்டில் சந்து முனையில் வந்து நிற்க, அப்பனும் மகளும் தனியாகக் கிளம்பினார்கள்.

ஓட்டத் தெரிந்தவனுக்கு அன்றைக்கு ஓட்டுவது பெரும்பாடாகிவிட்டது. பின்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் மகளின் முகம் அவனுக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரிந்தது அவளுடைய ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும்தான். என்ஜின் சத்தத்தில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை. பொறுக்காமல் நிறுத்தினான். இறங்கிச் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தான். கவியா கத்தினாள்.

"இன்னாம்மா? போலாமா, திரும்பிடலாமா? போலாமா?" போலாமா என்றதும் கண் மேலே போனது. ஏறிக் கிளப்பினான். அப்புறம் நிருதி லிங்கம் தாண்டி மறுபடி நிறுத்தினான். மறுபடி கத்தல், இந்தத் தடவை இன்னும் ஜாஸ்தி. போலாமா என்றால் கண் மேலே. அடி அண்ணாமலைக்கு முன்னால் மூன்றாவது தடவையும் நிறுத்தியபோது அவள் எச்சில் தெறிக்கக் கத்தி அவனை ஒரு முறை முறைத்தாள். அப்போதுதான் அந்த மனுஷனுக்கு உறைத்தது. அவன் நிறுத்துவதற்குத்தான் கத்துகிறாள். மலை நகர்ந்துகொண்டிருக்கும்போது நிறுத்துகிறானே என்று கத்துகிறாள்.

"சரிம்மா. சரி. இனிமே நிறுத்தல."

சொல்லிவிட்டான், ஆனால் அவன் உடம்பு கேட்கவேண்டுமே. இறங்கிப் போய்ப் பார் பார் என்று உள்ளே ஒன்று பிறாண்டியது. அந்த மூன்று கத்தலும் அவன் நினைத்ததுதானா, இல்லை அவன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறானா? இது அவளுக்கா உங்களுக்கா என்று அருணாதேவி கேட்டது காதில் நின்றது. கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, மெதுவாக, உட்கார்ந்தபடியே இருந்தான். வலது பக்கம் மலை ஒவ்வொரு மடிப்பாகத் திரும்பியது. அதை அவன் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தான்.

கண்ணாடியில் நடந்துவருகிறவர்கள் தெரிந்தார்கள். வண்டி தாண்டிப் போனதும் அவர்கள் பார்வை சைடு காரில் விழும். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கூட்டம், நடந்து நடந்து வாடிப்போன முகங்கள். முதலில் வந்த பெண் எதையோ பார்த்து நின்றாள். உதடு விரிந்தது. பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினாள். கூட்டம் மொத்தமும் கையை ஆட்டியது. அதற்கப்பால் ஒரு சாமியார், தடியை ஊன்றிக்கொண்டு வெடுவெடுவென்று வந்தவர், அப்படியே நின்று பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அழுகிற குழந்தையைப் பார்த்து யாரும் இப்படிச் சிரிக்கமாட்டார்கள் என்று சக்கரபாணி சொல்லிக்கொண்டான். ஆனாலும் அவர்கள் யாரோதானே, அவர்களுக்கு என்ன தெரியும் என்றும் தோன்றியது.

குபேர லிங்கம் தாண்டி, ஈசான்யம் தாண்டி, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு செங்கம் ரோட்டுக்கு வந்தான். சந்து முனையில் அருணாதேவி அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தாள். நிறுத்துங்க, நிறுத்துங்க. முகம் கறுத்து, பயந்து, சாவியை வாங்கத் தயாராக நின்றிருந்தாள்.

நிறுத்தினால் பிள்ளை கத்தும். கத்தினால் அருணாதேவி அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். நிறுத்தாமல் அவளைத் தாண்டினான்.

"ஏங்க!" என்ற கத்தல் பின்னால் போனது. கண்ணாடியில் அவள் இரண்டு எட்டு ஓடி வந்தாள், வாய் திட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவள் கண் மகள் மேல் விழுந்தது. ஓட்டம் நின்றது. தூக்கிய கை தலைக்கு மேலேயே மறந்துபோய் நின்றது. அப்புறம் அருணாதேவி, நடுரோட்டில், பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடிப்பதுகூடக் கேட்காமல், இரண்டு கையாலும் போ போ என்று விரட்டினாள். அவள் சிரிக்கிற மாதிரியும் அழுகிற மாதிரியும் இருந்தது.

சக்கரபாணி இரண்டாவது சுற்றுக்குப் போனான்.